கொச்சி–தனுஷ்கோடி சாலையும் அதன் முனையில் நின்ற கப்பலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூப்பாறை, சூரியநெல்லி, தேவிகுளம், மூணாறு பக்கம் இருக்கிற நம் பிள்ளைகளும், போடியிலிருந்து தினமும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறி வருகிறவர்களும், சுற்றுலா வருகிறவர்களும் இந்தச் சாலையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒரே இடத்தில் பதில் இருந்தால் நல்லது என்று எழுதி வைக்கிறேன்.

இந்தச் சாலை சரியாக எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

கொச்சியில் குண்டன்னூர் சந்திப்பில் தொடங்குகிறது. திருப்பூணித்துறை, கோலஞ்சேரி, மூவாற்றுப்புழை, கோதமங்கலம் வரை சமவெளி, ரப்பர் தோட்டம், நெரிசல். நேரியமங்கலத்தில் பெரியாற்றைத் தாண்டியதும் காடு தொடங்கிவிடும். வாளரா, அடிமாலி, பள்ளிவாசல், மூணாறு, தேவிகுளம், கேப் ரோடு என்கிற மலைச்சாலை, பெரியகானல், பூப்பாறை, அப்புறம் போடிமெட்டு. அங்கே மாநில எல்லை. எல்லையைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி முந்தல், போடிநாயக்கனூர், தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கடைசியில் தனுஷ்கோடி. மொத்தம் சுமார் 440 கிலோமீட்டர். அரபிக்கடல் பக்கம் தொடங்கி, ஏலமும் தேயிலையும் விளைகிற மலையில் ஏறி இறங்கி, மணல் திட்டில் போய் முடிகிற சாலை இது.

49 என்கிறார்கள், 85 என்கிறார்கள், 87 என்கிறார்கள். எது சரி?

மூன்றும் சரிதான். பழைய கணக்கில் கொச்சியிலிருந்து தனுஷ்கோடி வரை முழுவதும் தேசிய நெடுஞ்சாலை 49. 2010-ல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது இதை இரண்டாகப் பிரித்தார்கள். கொச்சி, மூணாறு, தேனி, மதுரை வழியாக வந்து சிவகங்கை பக்கம் திரும்பித் தொண்டியில் முடிவது 85. மதுரைக்குக் கிழக்கே பிரிந்து பரமக்குடி, ராமநாதபுரம், ராமேஸ்வரம் போவது 87. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் "நாற்பத்தொன்பது" என்றுதான் சொல்கிறார்கள்.

தொண்டியும் சும்மா ஊர் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிக்காரர்கள் படகு ஏறிய சிறு துறைமுகங்களில் அதுவும் ஒன்று. ஆக, எண் மாறிய பிறகும் இந்தச் சாலையின் இரண்டு கிளைகளும் இலங்கையைப் பார்த்துத்தான் நிற்கின்றன.

முனையில் இருந்த கப்பல் என்ன கப்பல்?

தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவே ஓடிய நீராவிக் கப்பல். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததோடு சேர்ந்து இந்தச் சேவையும் தொடங்கியது. அதற்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேராகக் கப்பல் போகும், ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் கிடக்க வேண்டும். தனுஷ்கோடி வழி வந்த பிறகு கடல் பயணம் சுமார் 35 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் அக்கரை. முதலில் ஓடியவை கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற மூன்று கப்பல்கள், எல்லாம் வைஸ்ராய்களின் பெயர்கள். பிறகு இர்வின், கோஷன் வந்தன.

சென்னை எழும்பூரில் டிக்கெட் எடுத்தால் தனுஷ்கோடி வரை ரயில், நடுவில் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்பு வரை மறுபடி ரயில், மூன்றுக்கும் ஒரே டிக்கெட். இதைத்தான் போட் மெயில் என்றார்கள்.

அப்படியானால் அந்தக் காலத்தில் போடிமெட்டு வழியாக வண்டியில் தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏறியிருப்பார்களா?

இல்லை. இந்தச் சாலையின் கதையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். சாலையும் கப்பலும் சந்திக்கவே இல்லை.

வரிசையாகப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போய்விட்டது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது, 1984 வரை ஓடி, இலங்கையில் நிலைமை மோசமானதும் நின்றுவிட்டது. பாம்பன் தீவுக்குள் பஸ்ஸும் லாரியும் போகிற பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2-ஆம் தேதி. இந்திரா காந்தி 1974-ல் அடிக்கல் நாட்டி, ராஜீவ் காந்தி திறந்துவைத்த அன்னை இந்திரா காந்தி பாலம் அது. கப்பல் நின்று நான்கு வருஷம் கழித்துத்தான் சாலை கடலைத் தாண்டியது. அப்போதும் அது தனுஷ்கோடிவரை போகவில்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும், அப்பால் மணல்தான், வேன்காரர்கள் மணலிலேயே ஓட்டிக்கொண்டு போவார்கள். அங்கிருந்து கடைசி முனையான அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை போட்டு 2017 ஜூலை 27-ல்தான் திறந்தார்கள், புயல் அடித்து ஐம்பத்துச் சொச்சம் வருஷம் கழித்து.

பெயர்ப்பலகையில் தனுஷ்கோடி என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். அந்த ஊர் ஒரு காலத்தில் போகிற இடம் இல்லை, வழியில் இருந்த இடம். அதற்கு அப்பால்தான் பயணத்தின் மீதிப் பாதி இருந்தது.

பின்னே மலையிலிருந்து இறங்கியவர்கள் கப்பலுக்கு எப்படிப் போனார்கள்?

கால்நடையாக, பிறகு ரயிலில். போடிக்கு ரயில் வந்தது 1928-ல். அதற்கு முன்னால் போடியிலிருந்து அம்மையநாயக்கனூர் ரயிலடி வரை மாட்டுவண்டி, இன்றைக்குக் கொடைக்கானல் ரோடு என்கிறோமே அந்த ஸ்டேஷன். மதுரை போய்விட்டால் கவலை இல்லை, மானாமதுரை வழியாக மண்டபம் வரை 1902-லேயே ரயில் ஓடியது.

ஆட்களைவிடத் தேயிலைப் பெட்டிக்குத்தான் வழி முதலில் கிடைத்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்றைப் போட்டார்கள், காளைகள் இழுத்தன. 1908-ல் அதை மாற்றி இரண்டடி அகல ரயிலாக்கினார்கள், குண்டளை பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் பெட்டிகள் தொங்கிக்கொண்டே இறங்கும், அங்கிருந்து வண்டியில் போடி, போடியிலிருந்து கடைசியாகத் தூத்துக்குடித் துறைமுகம். அரிசியும் துணிமணியும் எதிர்த் திசையில் அதே வழியில் மேலே ஏறின. அந்தக் காலத்து மூணாறு கேரளச் சமவெளியை நம்பி வாழவில்லை, போடியை நம்பித்தான் வாழ்ந்தது. இன்றைக்கு டாப் ஸ்டேஷனில் நின்று போட்டோ எடுப்பவர்கள் பலருக்கு அந்தப் பெயரில் இருக்கிற ஸ்டேஷன் நிஜமான ஸ்டேஷன் என்று தெரிவதில்லை. ஒரு தடவை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி பக்கம் குனிந்து பாருங்கள், எவ்வளவு உயரத்திலிருந்து பெட்டி இறங்கியிருக்கும் என்று புரியும்.

கொச்சிப் பக்கச் சாலை எப்போது வந்தது?

பழைய ஆலுவா–மூணாறு சாலை இப்போதைய வழியில் போகவில்லை, பூயங்குட்டி, மாங்குளம் காட்டுக்குள் போனது. 1924 ஜூலை வெள்ளத்தில் அது அழிந்தது. மலையாள ஆண்டு 1099-ல் வந்ததால் மலையாளிகள் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்கிறார்கள். அதே வெள்ளம்தான் குண்டளை ரயிலையும் அடித்துக்கொண்டு போனது. ரயிலை மறுபடி போடவே இல்லை. சாலையை நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதிதாக வெட்டினார்கள். பெரியாற்றின் மேல் இருக்கிற வளைவுப் பாலம் 1935-ல் திறந்தது, திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் காலம். அந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள் ஒரு நல்ல காட்சியை விட்டுவிடுகிறார்கள்.

தேவிகுளம் ஏன் கேரளத்தில் இருக்கிறது?

1956 நவம்பர் 1 மாநிலப் பிரிப்பில் திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் வரவில்லை. அதனால்தான் போடிமெட்டில் எல்லைக்கோடு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் தமிழ்.

இலங்கை மலையகத் தமிழரும் மூணாறு எஸ்டேட் தமிழரும் ஒரே ஆட்களா?

பெரும்பாலும் ஒரே மாதிரிக் கதை, ஆனால் எல்லாரையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. இரண்டு இடத்துக்கும் கங்காணிகள் என்கிற தோட்ட மேஸ்திரிகள்தான் ஆள் பிடித்துக் கொண்டுபோனார்கள், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டி வைத்தார்கள், லைன் வீடு என்கிற வரிசைக் குடியிருப்பில் குடிவைத்தார்கள். மூணாற்றுக்கு வந்தவர்கள் அதிகமும் திருநெல்வேலி, மதுரை ஜில்லாக்காரர்கள். இலங்கைக்குப் போனவர்களில் அவர்களோடு திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் ஆட்களும் நிறைய.

மூணாற்றுக் கண்ணன் தேவன் மலையில் தோட்டம் தொடங்கியது 1870-களின் கடைசியில். பூஞ்ஞாறு ராஜாவிடம் 1877-ல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் குத்தகை எடுத்தார். இலங்கையில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே காப்பிக்கு ஆள் போகத் தொடங்கிவிட்டது. காப்பிச் செடி நோயில் செத்த பிறகு தேயிலைக்கு மாறினார்கள். பஞ்சம் வந்தால் கங்காணி எந்தப் பக்கம் கூப்பிட்டானோ அந்தப் பக்கம் போனார்கள். மேற்கே போனவனுக்கு மலை ஏற்றம், கிழக்கே போனவனுக்குக் கடல். அந்த ஒரு முடிவில் பேரப்பிள்ளைகளின் தேசமே வேறாகிவிட்டது.

மண்டபம் கேம்ப் என்றால் என்ன?

இலங்கைக்குப் போகிற தோட்டத் தொழிலாளிகளை நிறுத்திவைத்துப் பரிசோதித்த இடம். காலரா, அம்மை இல்லை என்று உறுதியான பிறகுதான் கப்பலுக்கு விடுவார்கள். ஊசி போட்டு, துணிமணியை ஆவியில் வைத்துச் சுத்தம் செய்து, சில நாள் தங்கவைத்துப் பெயர் எழுதி அனுப்பினார்கள். இந்திய மண்ணில் இருந்தாலும் நடத்தியது இலங்கை அரசாங்கம். முதல் வகுப்புப் பயணிகள் நேராக ரயிலில் போய்க் கப்பல் ஏறினார்கள், தோட்டத் தொழிலாளிதான் கேம்ப்பில் உட்கார்ந்தான். மண்டபம் கேம்ப் என்று ரயில்வே ஸ்டேஷன் இன்னமும் இருக்கிறது. பிற்காலத்தில் அதே ஊரில் இலங்கை அகதிகளுக்கான முகாம் வந்தது.

1964-ல் என்ன நடந்தது?

டிசம்பர் 22 ராத்திரி, 23 விடியற்காலை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது அலை மேலே விழுந்தது. அதில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. ஸ்டேஷன், துறை, தபால் ஆபீஸ், சர்ச், குடியிருப்பு எல்லாம் போனது. ஊர் வாழத் தகுதியில்லாதது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. இன்றைக்கு சர்ச்சின் சுவரும் ஸ்டேஷன் கட்டடத்தின் மிச்சமும் நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், அங்கே செத்தவர்களின் குடும்பங்கள் இன்னமும் ராமேஸ்வரத்தில் இருக்கின்றன.

பாம்பன் பாலத்தின் கர்டர்கள் நூற்றுக்கு மேல் கடலுக்குள் போயின. ஆறு மாதத்தில் சரிசெய்யலாம் என்று ரயில்வே கணக்குப் போட்டது. பாலக்காட்டுக்காரரான ஈ. ஸ்ரீதரன், அப்போது இளம் எஞ்சினியர், கடலில் விழுந்த கர்டர்களையே தேடி எடுத்து 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார். பிற்காலத்தில் கொங்கண் ரயிலுக்கும் டெல்லி மெட்ரோவுக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பியவர்கள் எந்த வழியாக வந்தார்கள்?

தேதிகளைப் பாருங்கள். இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பற்றிப் போட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க வேண்டும், மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்த மீதியை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இத்தனை லட்சம் பேர் தலைவிதியை எழுதும்போது தோட்டத்து மக்களைக் கேட்கவே இல்லை, அது எனக்கு இன்னமும் ஆறவில்லை. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள் அவர்கள் வந்து இறங்க வேண்டிய தனுஷ்கோடித் துறையே இல்லாமல் போனது.

அதனால் திரும்பியவர்கள் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். கடைசிக் காலத்தில் ஓடிய கப்பல் ராமானுஜம், அந்தப் பெயரைப் பல வீடுகளில் இன்னமும் சொல்வார்கள். மண்டபத்தில் பதிவு முடித்து அவரவருக்குச் சொன்ன இடத்துக்குப் போனார்கள். நீலகிரியில் இவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. கேரளத்தில் புனலூர் பக்கம் மறுவாழ்வு ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். கவி என்கிற காட்டு ஊரில் வனத்துறைக் கழகத்தின் ஏலத்தோட்டத்தில் குடிவைத்தார்கள். கவிக்குச் சுற்றுலா போகிறவர்கள் காட்டுக்கு நடுவில் தமிழ் பேசுகிற ஆட்களைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள், காரணம் இதுதான்.

எங்கள் தாத்தா பாட்டி எந்த வருஷம் கப்பலில் வந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியைத் தேடுங்கள். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை இருந்தால் அதில் குடும்பத்தார் எல்லார் பெயரும், விட்டுவந்த தோட்டத்தின் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட் இருந்தால் வந்து இறங்கிய முத்திரை பார்க்கலாம். இரண்டும் இல்லையென்றால் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். வருஷம் கேட்காதீர்கள், பதில் கிடைக்காது. அப்பா கைக்குழந்தையா, நடக்கிற பிள்ளையா, கூட வந்தது யார், இறங்கினதும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள், வருஷத்தை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டே இருக்கிறது.

கேப் ரோடு இப்போது எப்படி இருக்கிறது?

அகலமாக, நன்றாக இருக்கிறது. மூணாற்றிலிருந்து போடிமெட்டு வரை சுமார் 42 கிலோமீட்டரை அகலப்படுத்தி 2024 தொடக்கத்தில் திறந்தார்கள். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. பாறையை வெடிவைத்துத் தகர்த்ததில் 2019, 2020 மழைக்காலங்களில் மலை பல தடவை சரிந்தது, உயிர் போனது, கீழே இருந்த விவசாய நிலங்களில் பாறை வந்து விழுந்தது, சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. பூப்பாறையிலிருந்து மூணாறு ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். சாலை வேண்டும், ஆனால் இந்த மலையை இந்த வேகத்தில் வெட்டியது தவறு என்பதுதான் என் கருத்து.

தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கேரளச் சரிவில் கவனம். போடி இறக்கத்தில் ஆபத்து வேறு பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கொண்டை ஊசியில் ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். காலையில் தோட்ட ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக ஏறும், மாலையில் இறங்கும், அந்த நேரத்தைத் தவிர்த்தால் எல்லாருக்கும் நல்லது.

கப்பல் மறுபடி வருமா?

ராமேஸ்வரம்–தலைமன்னார் சேவை பற்றிப் பேச்சு பல வருஷமாக இருக்கிறது, கப்பல் வரவில்லை. அக்கரையில் போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதையை மறுபடி போட்டு 2015 மார்ச்சில் திறந்துவிட்டார்கள். இக்கரையில் ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயிலுக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் வரவில்லை. பாம்பனில் புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டது. போடிக்கும் அகல ரயில் 2023 ஜூனில் வந்துவிட்டது. நடுவில் இருக்கிற அந்த முப்பத்தைந்து கிலோமீட்டர் தண்ணீர் மட்டும்தான் பாக்கி.

இப்போதைக்கு நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் இருக்கிறது. நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது, மழைக்காலத்தில் நிறுத்துகிறார்கள். கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஹட்டனில், நுவரெலியாவில் சொந்தம் இருக்கிறவர்களுக்கு அது சுற்று வழிதான். தலைமன்னார் சேவை வந்தால் முதலில் பயன்படப்போவது இந்த மலையகக் குடும்பங்களுக்குத்தான், அதனால் யார் ஓட்டு கேட்டு வந்தாலும் இதை அவர்களிடம் கேளுங்கள்.

மூணாற்றிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரே நாளில் போகலாமா?

போகலாம், ஆனால் நான் சொல்ல மாட்டேன். அரிச்சல்முனையில் மாலைக்குள் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நீங்கள் போய்ச் சேரும்போது தடுப்பு போட்டிருக்கும். மதுரையில் ராத்திரி தங்கி, விடியற்காலையில் கிளம்பினால் சுமார் 170 கிலோமீட்டர் ராமேஸ்வரம், அப்புறம் சுமார் இருபது கிலோமீட்டரில் முனை. பஸ்ஸில் என்றால் மூணாற்றிலிருந்து போடி அல்லது தேனி, அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு. முனைக்குப் போனால் குடிதண்ணீர் கையில் கொண்டுபோங்கள், இரண்டு கடலும் சேருகிற இடத்தில் நீரோட்டம் கடுமை, குளிக்க இறங்காதீர்கள்.